பொட்டாசியம் இல்லாத பாட்டில்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கேயாவது பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே நாலு பேரிடம் போய் "ஆமா, அது நான்தான்" என்று சொல்லிவிடுவாள். அவளை நினைத்தாலே எனக்கு முதலில் காதில் விழுவது அந்த வார்த்தைதான். எதையாவது சாதித்துவிட்டு மார்தட்டிச் சொல்கிற நான்தான் இல்லை. உடைத்துவிட்டு, கொட்டிவிட்டு, மறந்துவிட்டுச் சொல்கிற நான்தான்.

முதல் தடவை அதைக் கேட்டது நான் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த வாரம். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி ஒரு கல்லூரி, அதன் பின்பக்கக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி. ஐடியில் இருக்கும் கணவரையும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் ஆவடி ஃபிளாட்டில் மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு, முப்பத்தாறு வயதில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று வந்திருந்தேன். அவள் அங்கே டெக்னீஷியன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். மண்ணூர்பேட்டைக்காரி. தாத்தா காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவள் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வந்தாள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை.

எங்கள் வேலைக்குச் சின்னச் சின்னக் குவார்ட்ஸ் குப்பிகள் வேண்டும். குவெட் என்போம். சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது, விலை மட்டும் பட்டுப்புடவை விலை. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரை உள்ளே விடாது என்பதால் வேறு வழியும் இல்லை. அன்று காலை எங்கள் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், தன் மேஜைமேல் அப்படியொரு குவெட் இரண்டு துண்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். லேப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே பொருள்கள் தாமாகவே உடையும். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உடையும். அதனால் சார் நீண்ட விசாரணைக்குத் தயாராக, "நான் யாரையும் குத்தம் சொல்லலை, ஆனா..." என்று ஆரம்பித்தார்.

சிங்க் பக்கமிருந்து சத்தம் வந்தது. "நான்தான் சார். கழுவறப்போ கைல இருந்து நழுவிச்சு. உங்க டேபிள்ல வெச்சதும் நான்தான்."

சாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தயாரித்து வைத்திருந்த பேச்சு வீணாகிவிட்டது. "சரி, சரி, ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு மாதம் கழித்து சாப்பாட்டு வேளையில் இன்னொரு ஆராய்ச்சி மாணவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார், அன்றைக்கு டிராலியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் முழங்கையில் இடித்தது தான்தான் என்று. எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரே அவளிடம் போனேன்.

"அவர் இடிச்சதாலதானே உடைஞ்சது? அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"கைல இருந்து வுட்டது நான்தானக்கா."

"இடிச்சது அவர்தானே?"

"அது அவரு கத. அத அவரு சொல்லிக்கட்டும்."

அவ்வளவுதான். தன் பங்கை முழுசாகச் சொல்வாள், அடுத்தவர் பங்கைத் தொடமாட்டாள். நல்ல குணம்தான், தூரத்திலிருந்து பார்த்தால். கூடவே இருப்பவர்களுக்குச் சில நாள் உயிரை வாங்கும்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற ஆள் ஒரு அடி எடுத்து வைத்தார், செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் பாட்டுக்கு விதியை நொந்துகொண்டு குனிந்து பார்த்தார். இவள் அவர் தோளைத் தட்டினாள்.

"அண்ணாத்தே, செருப்பு தானா அறுந்துபோவல. பின்னால மிதிச்சது நான்தான்."

அந்த மனிதர் சண்டைக்கு வருவார் என்று நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அவரோ பேந்தப் பேந்த விழித்தார். "பரவால்லமா" என்றார். இவள் விடவில்லை. ஒற்றைச் செருப்போடு அவரைப் பாலத்தடியில் செருப்பு தைப்பவரிடம் கூட்டிக்கொண்டு போய், தைத்து முடிக்கும்வரை நின்றாள். என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. "உன்னோட நின்னா நான் ஊர் போய்ச் சேர மாட்டேன்டி" என்று கத்தினேன். சிரித்தாள்.

என் மகள் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்தவள், சோபாவில் உட்கார்ந்த நிமிஷமே எழுந்து, "இன்னாமோ நொறுங்குச்சு, நான்தான் ஒக்காந்தேன்" என்று அறிவித்தாள். என் மாமியாரின் மூக்குக்கண்ணாடி. மூன்று நாளாகக் காணவில்லை என்று தேடி, நான்தான் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டேன் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி. மாமியாருக்குக் கண்ணாடி உடைந்த கோபத்தைவிட, உடைத்தவள் உடனே சொன்ன ஆச்சரியம் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் போன் செய்தால் என்னைவிட அவளைத்தான் அதிகம் விசாரிக்கிறார்.

ஒரு நாள் கேட்டேன், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று. அப்பா சொல்லிக் கொடுத்தாரா, ஏதாவது கோயிலில் சத்தியம் செய்தாயா என்று. 

"பழக்கம்லாம் இல்லக்கா. சொல்லாம வெச்சிகினா சோறு எறங்க மாட்டேங்குது. எனக்குப் பசி தாங்காது."

ஒரு பலன் உண்டு. லேபில் வெந்நீர்த் தொட்டி ஒன்று தண்ணீர் வற்றிக் கருகிப்போனது. கடைசியாகப் பூட்டிக்கொண்டு போனது அவள் என்பதால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "அது நான் இல்ல சார்" என்றாள். சார் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த ஆளிடம் திரும்பினார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். நான் அப்படிச் சொல்லியிருந்தால் சார் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல என் ஆராய்ச்சியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

டிஎன்ஏ என்றால் முறுக்கிய ஏணி என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படம் போட்டிருப்பார்கள். எப்போதும் அது ஏணியாகவே இருப்பதில்லை. குவானின் என்ற எழுத்து அடுத்தடுத்து நிறைய வருகிற இடங்களில், ஒற்றை இழை தன்மேலேயே மடிந்து நாலு கால் முடிச்சாகிவிடும். நாலு நாலு குவானினாகச் சேர்ந்து தட்டு தட்டாக அடுக்கி நிற்கும், டிபன் கேரியர் மாதிரி. அந்த அடுக்கு கலையாமல் பிடித்து வைப்பது தட்டுகளுக்கு நடுவே உட்காரும் பொட்டாசியம். அது இல்லாவிட்டால் நான் எடுத்துக்கொண்ட டிஎன்ஏ மடியாது, கயிறாகக் கிடக்கும்.

மடிந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. குவெட்டில் ஊற்றி, புற ஊதாக் கதிரை அதன் வழியே செலுத்தி, எவ்வளவு கதிரை அது விழுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே மெதுவாகச் சூடாக்குவோம். சாதாரண ஏணி சூட்டில் பிரிந்தால் அதிகக் கதிரை விழுங்கும், திரையில் கோடு ஏறும். இந்த நாலு கால் முடிச்சுக்குத் தனியாக ஒரு அலைநீளம் உண்டு, இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. அந்த நானோமீட்டரில் பார்த்தால் முடிச்சு அவிழும்போது கோடு இறங்கும். மடியாத டிஎன்ஏ என்றால் கோடு படுத்தே கிடக்கும். ஒரு தடவை ஓட்ட இரண்டரை மணி நேரம். அவள் அந்த யூவி மெஷின் முன்னால் உட்கார்ந்து, "எறங்குதுக்கா" என்றோ "படுத்துகினு கீதுக்கா" என்றோ நேர்முக வர்ணனை கொடுப்பாள்.

எங்கள் லேபில் செய்த ஒரு சேர்மத்தைக் கலந்தால், பொட்டாசியம் துளிகூட இல்லாமலேயே டிஎன்ஏ மடிகிறது என்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று நம்பினேன். பொட்டாசியம் இல்லாத கரைசலில், அதாவது பஃபரில், வெறும் டிஎன்ஏவை ஓட்டினேன், கோடு படுத்திருந்தது. சேர்மத்தைக் கலந்து ஓட்டினேன், அழகாக இறங்கியது. மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் இறங்கியது. சார் என் தோளைத் தட்டினார். ஆய்வேட்டின் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நாள் குறித்தாகிவிட்டது. எனக்குக் கொடுத்திருந்த காலக்கெடு ஏற்கெனவே ஒரு முறை நீட்டிக்கப்பட்டது. இந்த ஒரு கோட்டைத்தான் நான் நம்பியிருந்தேன்.

அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பஃபர் தீரப்போகிறது என்று அவள் புதிதாக ஒரு பாட்டில் தயாரித்தாள். அதில் சேர்மத்தைக் கலந்து ஓட்டினோம். கோடு இறங்கவில்லை.

"இன்னாக்கா இது, படுத்துகினு கீது?"

"நீ என்னத்தைப் போட்டுத் தொலைச்ச?" என்று பாய்ந்தேன். "எடை சரியாப் பாத்தியா? வேற பவுடரை எடுத்துட்டியா?"

அவள் கோபப்படவில்லை. "இது மூணாவது பாட்டிலு. மூணையும் நிறுத்துப் போட்டது நான்தான்" என்றாள். பிறகு இரண்டாவது பாட்டிலில் மிச்சமிருந்ததை எடுத்து, சேர்மம் எதுவும் கலக்காமல், வெறும் டிஎன்ஏவை மட்டும் போட்டு மெஷினில் வைத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெறும் டிஎன்ஏவை நான் ஓட்டியது முதல் பாட்டிலில். சேர்மம் கலந்து மூன்று தடவை ஓட்டியது இரண்டாவது பாட்டிலில். இரண்டாவது பாட்டிலில் வெறும் டிஎன்ஏவை ஓட்டிப் பார்க்கவே இல்லை.

இரண்டரை மணி நேரம் இருவரும் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். கோடு இறங்கியது. மூன்று தடவை பார்த்து நான் மகிழ்ந்த அதே இறக்கம். சேர்மம் எதையும் மடிக்கவில்லை. மடித்தது அந்தப் பாட்டிலில் இருந்த எதுவோ.

பக்கத்துக் கட்டிடத்தில் தண்ணீர் சோதிக்கும் லேப் இருந்தது. அங்கே கொடுத்து, தீச்சுடரில் வைத்துப் பார்க்கும் கருவியில் பார்த்தோம். பொட்டாசியம் இல்லாத பாட்டிலில் பொட்டாசியம் தாராளமாக இருந்தது.

எப்படி வந்தது என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். பஃபரின் காரத்தன்மையைச் சரிபார்க்கும் மீட்டரில் பேனா மாதிரி ஒரு எலக்ட்ரோடு இருக்கும். அதன் உள்ளே இருப்பதே பொட்டாசியம் குளோரைடு. நுனியில் அது எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும், கசிந்தால்தான் வேலை செய்யும். இரண்டு நிமிஷம் நனைத்து எடுத்துவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. நாள் கணக்கில் உள்ளேயே விட்டால் போயிற்று.

இரண்டாவது பாட்டிலின் லேபிளை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து. எழுதிய கை என்னுடையது. தேதி ஒரு திங்கட்கிழமை.

"யக்கா, இது எங்கம்மா பஸ் ஸ்டாண்டுல வுழுந்துச்சே, அந்த வெள்ளிக்கெழம கலக்குனது."

"ம்" என்றேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல், எலக்ட்ரோடை பீக்கரில் விட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அம்மா பாடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார், முட்டியில் அடி. "நீ கிளம்பு, இதை நான் எடுத்து மூடி வெச்சிடறேன்" என்று அவளை அனுப்பியது நான். ஆவடி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அப்படியே விட்டுப் போனது நான். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வந்து, எலக்ட்ரோடு பீக்கரிலேயே நிற்பதைப் பார்த்து, மீட்டர் சரியான எண்ணைத்தானே காட்டுகிறது என்று எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, பஃபரைப் பாட்டிலில் ஊற்றியதும் நான். நிறுத்துப் போட்டவள் அவள் என்பதால் லேபிளில் அவள் எழுத்தைப் போட்டேன். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

இப்போது தோன்றியது. தோன்றியும் "ம்" என்றுதான் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு குவெட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தப் பாட்டில். அதற்குப் பக்கத்தில், அந்த வாரம் அவர் கையெழுத்துப் போட வேண்டிய அவளுடைய ஒப்பந்தப் புதுப்பிப்புத் தாள்.

"இதுல உன் இனிஷியல்தானே இருக்கு?"

"எலக்ட்ரோட உள்ள வுட்டது நான்தான் சார்."

"எப்ப எடுத்த?"

"நான் எடுக்கல சார். எங்கம்மா வுழுந்துட்டாங்கன்னு கெளம்பிட்டேன்."

"எடுக்காமலேயே போயிட்டியா? ஒருத்தரோட மூணு வருஷ வேலைம்மா இது."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் பங்கு அதோடு முடிந்துவிட்டது. சார் பேனாவை மூடி வைத்தார். அந்தத் தாளை எடுத்துக் கோப்புக்கு அடியில் தள்ளினார்.

அந்தச் சில விநாடிகளில் நான் என்ன நினைத்தேன் என்று எழுதத்தான் வேண்டும். டெக்னீஷியன் செய்த தவறு என்றால் பல்கலைக்கழகம் இன்னொரு முறை காலக்கெடு கொடுக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும், எஸ்டேட் முழுக்கக் கம்பெனிதானே என்றுகூட நினைத்தேன். அவளைக் கைவிட நான் தயாராகத்தான் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பியிருந்தால், ஒரு பார்வை பார்த்திருந்தால், எனக்கு வீம்பு வந்திருக்கும், மறுத்திருப்பேன். அவள் திரும்பவே இல்லை. மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார்" என்றேன்.   "எடுத்து வெக்கறேன்னு சொல்லி அவளை அனுப்பினது நான். மறந்துட்டுப் போனதும் நான். திங்கக்கிழமை வந்து பாத்துட்டுத்தான் பாட்டில்ல ஊத்தினேன். லேபிள் எழுதினதும் நான்தான்."

சார் என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கோப்புக்கு அடியிலிருந்து தாளை உருவிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். என் ஆய்வேட்டுக்கு மேலும் ஏழு மாதம் ஆனது. அந்தச் சேர்மம் பொட்டாசியம் இல்லாமல் ஒன்றும் செய்யாது என்பதுதான் கடைசியில் நான் நிரூபித்தது. பட்டம் கிடைத்தது, கைதட்டல் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. இல்லாவிட்டால், பொய்க் கோட்டை அச்சில் ஏற்றிவிட்டு ஆயுசுக்கும் பயந்துகொண்டிருந்திருப்பேன்.

சார் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் மண்ணூர்பேட்டை ஸ்டாப்பிங் வரைக்கும் அவளோடு நடந்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நேத்தே உனக்குத் தெரியும்தானே? ஏன்டி சார்கிட்ட சொல்லலை?"

"தெரியும்."

"நான் வாயைத் தொறக்காம நின்னிருந்தா?"

"வேல பூட்ருக்கும்" என்றாள். "காலு ரெண்டும் ஒதறிகினு இருந்துச்சுக்கா எனக்கு. நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. என் கணக்கைப் போட்டுக்கொண்டு நின்றதில் அவள் கால் நடுங்கியது என் கண்ணில் படவே இல்லை.

"அப்புறமும் ஏன் சொல்லலை?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் இதைக் கேட்டதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது போலிருந்தது.

"நான் சொல்லிட்டா அப்பறம் நீ இன்னாத்தக்கா சொல்லுவ? மாட்டிகினதாத்தான ஆவும்?"

என் பஸ் வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். அவளும் ஆட்டினாள். நன்றி என்று ஒரு வார்த்தை அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை. அதற்குப் பிறகும் வேலை, வீடு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் இப்போது வேறு ஊரில், வேறு லேபில் இருக்கிறாள். தன் வேலையே போனாலும் போகட்டும் என்று, நானாகச் சொல்வதற்கு அவள் எனக்கு இடம் விட்டு நின்றாள். இத்தனை வருஷம் நன்றி சொல்லாமல் இருந்தது நான். இப்போது சொல்கிறேன்.